வீட்டுக் கணிப்பொறியில் படம் ஓடாதது ஏன்?

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள் உரத்தைப் பற்றியதன்று, விதையைப் பற்றியதுமன்று. நம் வீட்டுக் கணிப்பொறியில் சில வீடியோப் படங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. வேறு சில ஓட மறுக்கின்றன. அதற்குக் காரணம் யாது, ஓடாத படத்தை ஓடவைக்க என்ன சேர்க்கவேண்டும், எங்கிருந்து சேர்க்கவேண்டும் என்பதே பேச்சு. "சினிமா பார்ப்பதற்கு ஒரு முகாமா?" என்று பின் வரிசையில் ஒரு பெரியவர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அவருக்கு விடையாக முதலில் நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறோம்.

ஓர் ஊரில் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடியது. கடைமடை உழவர்கள் ஒரு முறையீட்டோடு வந்திருந்தனர். தங்கள் முறைநாளில் மேலே மதகு அடைக்கப்பட்டிருந்தது, தண்ணீர் வரவில்லை, நாற்று காய்ந்தது என்பது அவர்கள் குறை. மேல்மடைக்காரர்கள் இதை ஒரேயடியாக மறுத்தனர். அப்போது ஓர் இளைஞர் எழுந்து, அன்று மதகருகே தம் கைபேசியில் எடுத்த படம் தம்மிடம் இருப்பதாகக் கூறி ஒரு பென் டிரைவை நீட்டினார். உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பொத்தானை அழுத்தியதும் சத்தம் மட்டும் வந்தது. தண்ணீர் சலசலக்கிறது, யாரோ இருவர் பேசுகிறார்கள்; திரையோ அமாவாசை இருட்டாக இருந்தது. "படம் எங்கே? குரலை மட்டும் பேசி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களா?" என்று எதிர்த் தரப்பினர் சிரித்தனர். கைபேசியிலேயே காட்டலாமென்றால், அதில் இடம் போதாமையால் அந்தப் படத்தை அவர் முன்னமே அழித்துவிட்டிருந்தார். பென் டிரைவில் இருந்ததே ஒரே படி.

அதன் பின் நடந்தது இன்னும் மோசம். கூட்டத்திலிருந்த ஒருவர் கோப்பின் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்த்தார். பயனில்லை. இன்னொருவர் இணையத்தில் தேடி, "இந்தப் படத்துக்குரிய கோடெக் உங்களிடம் இல்லை, இங்கே அழுத்துக" என்று அறிவித்த ஒரு பக்கத்தைக் கண்டார், அழுத்தினார். அதற்குப் பிறகும் படம் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை முதல் அந்தக் கணிப்பொறியில் எதைத் திறந்தாலும் விளம்பரங்கள் வந்து விழுந்தன. கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவவேண்டியதாயிற்று. அந்த வீட்டாரின் இரண்டாண்டுப் பால் கணக்கும், குழந்தைகளின் படங்களும் அதோடு போயின. பென் டிரைவைச் சற்று முன்னர் யாரோ பிடுங்கி வைத்திருந்ததால் மதகுப் படம் மட்டும் தப்பியது.

அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை என்பதே இதில் வருந்தத்தக்கது. கணிப்பொறியிலும் பழுதில்லை. படம் எழுதப்பட்ட முறையைப் படிக்கும் வகை அந்தப் பிளேயருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

எழுதப்பட்ட முறை என்கிறோமே, அது என்ன? இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இது விளங்கிவிட்டால் மற்றவை தாமே விளங்கும்.

கைபேசி எடுக்கும் ஒரு படம் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உடையது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். ஆக ஒரே ஒரு படத்துக்கு 62,20,800 பைட்டுகள். வீடியோ என்பது நொடிக்கு 30 படங்கள். கணக்கிட்டால் ஒரு நொடிக்கு 18 கோடியே 66 லட்சத்துக்கு மேல் ஆகிறது. இவ்வாறே எழுதிக்கொண்டு போனால் 4.7 ஜிகாபைட் கொள்ளும் ஒரு டி.வி.டி. தட்டு 25 நொடிகளில் நிரம்பிவிடும். ஒரு நிமிடப் படத்துக்கு 11 ஜிகாபைட் தேவைப்படும். ஆனால் அதே ஒரு நிமிடப் படம் சுமார் 60 மெகாபைட்டில் அடங்கும் என்று ஐபோனின் அமைப்புப் பக்கமே கூறுகிறது. நூற்றெண்பது மூட்டை நெல்லை ஒரே மூட்டையில் கட்டிவிட்டதைப் போன்ற வித்தை இது. எப்படி முடிகிறது?

நம் பழைய கிராமக் கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடங்கலில் முதல் வரியில் பயிரின் பெயரை முழுதாக எழுதிவிட்டு, அதன் கீழ் அடுத்தடுத்த வரிகளில் "ஷை, ஷை" என்று போட்டுக்கொண்டே போவார் கர்ணம். மேற்படியே என்று பொருள். எங்கே பயிர் மாறுகிறதோ அங்கே மட்டும் புதுப் பெயர் எழுதுவார். வீடியோவைச் சுருக்குவோரும் இதையே செய்கின்றனர். வயலைப் படமெடுத்தால் வரப்பு அசைவதில்லை, பனைமரம் அசைவதில்லை, மேலேயுள்ள வானமும் ஒரு நொடிக்குள் மாறுவதில்லை. காற்றில் அசையும் கதிரும் நடந்துபோகும் ஆளுமே மாறுகின்றனர். ஆகவே ஒரு படத்தை முழுதாக எழுதி, அடுத்து வரும் பல படங்களில் மாறிய பகுதியை மட்டும் எழுதுகிறார்கள். மாறிய பகுதியிலும், ஆள் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்ந்தார் என்றால் ஆளைத் திரும்ப வரைவதில்லை. "மேற்படி ஆள் இத்தனை புள்ளி தள்ளி" என்று குறித்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுட்ப வேறுபாடுகளைத் தள்ளிவிடுவதும் உண்டு. கணக்கின் முதல் வரி கிழிந்துபோனால் கீழேயுள்ள "ஷை"கள் எல்லாம் பொருளற்றுப் போகுமல்லவா? சில வீடியோக்களில் ஓரிடத்தில் படம் கலைந்து, நிறங்கள் இழுபட்டு, சிறிது நேரத்துக்குப்பின் தெளிவடைவதைக் கண்டிருப்பீர்கள். முழுப்படம் ஒன்று சிதைந்துபோய், அடுத்த முழுப்படம் வரும்வரை இருக்கும் குழப்பம் அது.

இவ்வாறு சுருக்கி எழுதவும், எழுதியதை விரித்துப் படிக்கவும் உள்ள விதிமுறைக்குக் கோடெக் என்று பெயர். குறியாக்குவது, குறிவிலக்குவது என்ற இரு வினைகளுக்குரிய ஆங்கிலச் சொற்களின் துண்டுகளை ஒட்டி உண்டாக்கிய சொல். கர்ணத்துக்குக் கர்ணம் கணக்கு எழுதும் முறை வேறுபட்டிருந்ததைப் போலவே கோடெக்குகளும் பலவாயின. 1993-இல் வீடியோ சி.டி.க்கு ஒரு முறை வந்தது, எம்.பெக். 1 என்பர். டி.வி.டி.க்கு எம்.பெக். 2 வந்தது. 2003-இல் எச்.264 என்ற முறை நிறைவுபெற்றது. இன்று உலகில் மிகப் பரவலாக வழங்குவது இதுவே. பெரும்பாலான பொறிகள் இதனைப் படிக்கும். 2013-இல் எச்.இ.வி.சி., அதாவது எச்.265, வந்தது. முன்னதைப் போன்ற தெளிவை ஏறக்குறையப் பாதி இடத்திலேயே கொடுக்கும். 2018-இல் ஏ.வி.1 என்பது வெளியாயிற்று. புதிய முறையில் எழுதியதைப் பழைய முறை மட்டும் தெரிந்த பிளேயர் எவ்வாறு படிக்கும்?

இன்னொன்றையும் இங்கே பிரித்தறிதல் வேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னே எம்.பி.4 என்றும், எம்.கே.வி. என்றும், ஏ.வி.ஐ. என்றும் காண்கிறோமே, அவை கோடெக்கின் பெயர்கள் அல்ல. அவை கோணிப்பையின் பெயர்கள். ஒரே வகைக் கோணியில் ஒருவர் நெல்லும், இன்னொருவர் உளுந்தும் கட்டலாம். எம்.பி.4 என்ற பைக்குள் எச்.264 இருக்கலாம், எச்.இ.வி.சி.யும் இருக்கலாம். ஆதலால்தான் ஒரே பெயருடைய இரண்டு கோப்புகளில் ஒன்று ஓடி, மற்றது ஓடாமல் இருக்கிறது. அந்த ஊரில் ஒருவர் கோப்பின் பெயரை மாற்றினார் என்றோமே, அது உளுந்து மூட்டையின் மேல் "நெல்" என்று முத்திரை குத்தியதற்கு ஒப்பாகும். அரவை ஆலையில் அது அரிசியாகிவிடாது.

மேலும் படத்துக்கு ஒரு கோடெக், ஒலிக்கு வேறொரு கோடெக். ஒலி வந்து படம் வராவிட்டால் படக் கோடெக் இல்லை என்று பொருள். படம் தெரிந்து ஒலி இல்லாவிட்டால் ஒலிக் கோடெக் இல்லை. இரண்டும் இல்லாமல் கோப்பே திறக்கவில்லையென்றால் பையைத் திறக்கத் தெரியவில்லை, அல்லது கோப்பு அரைகுறையாக உள்ளது.

"கணிப்பொறியை விற்கும்போதே எல்லாக் கோடெக்குகளையும் போட்டுக் கொடுத்துவிடலாமே, ஏன் செய்வதில்லை?" என்று கேட்பீர்கள். இங்கேதான் காசு குறுக்கிடுகிறது. எச்.இ.வி.சி. போன்ற முறைகளில் பல நிறுவனங்களுக்குக் காப்புரிமை உண்டு. ஒவ்வொரு பொறிக்கும் உரிமத் தொகை கட்டவேண்டும். கணக்குப் பார்த்த நிறுவனங்கள் சிலவற்றைச் சேர்த்தன, சிலவற்றை நீக்கின. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் டி.வி.டி. பார்க்கத் தனியே கோடெக் வாங்கவேண்டியிருந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் விண்டோஸ் மீடியா பிளேயர் எச்.264 படங்களையும் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் படங்களையும் தானே ஓட்டக் கற்றுக்கொண்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் டி.வி.டி. ஓட்டும் வசதி அப்பிளேயரிலிருந்து நீக்கப்பட்டது. 2015-இல் விண்டோஸ் 10 எம்.கே.வி. பையைத் திறக்கத் தொடங்கியது. எச்.இ.வி.சி.யோ முதலில் உள்ளேயே இருந்து, 2017-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்டுத் தனிச் சேர்க்கை ஆயிற்று. அதே 2017-இல்தான் ஐபோன்கள் எச்.இ.வி.சி.யிலேயே படமெடுக்கத் தொடங்கின. ஒருவர் அந்த மொழியில் பேசத் தொடங்கிய ஆண்டிலேயே, மற்றவர் வீட்டிலிருந்த மொழிபெயர்ப்பாளரை வெளியே அனுப்பிவிட்டார்! நம் ஊர்க் கிராம சபையில் திரை இருண்டதற்கு வேர் இங்கே இருக்கிறது.

இன்னொரு சிறு செய்தி. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. விண்டோஸோடு தன் பிளேயரையும் பிணைத்து விற்பது மற்றப் பிளேயர்களுக்குத் தீங்கு என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. அதன் விளைவாகப் பிளேயரே இல்லாத "என்" என்ற பதிப்பு ஐரோப்பாவுக்கென வெளியாயிற்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினியில் எந்தப் படமும் ஓடவில்லையென்றால், அது இந்தப் பதிப்பா என்று பார்க்கவேண்டும். மைக்ரோசாப்ட் தரும் மீடியா பீச்சர் பேக் என்ற சேர்க்கையை இலவசமாக நிறுவினால் போதும்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்வோம். வைத்தியர் நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுக்கிறார். அதுபோல முதலில் பைக்குள் இருப்பது எது என்று அறியவேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கோப்பைத் திறந்தால் பையின் பெயர், படக் கோடெக், ஒலிக் கோடெக், நீளம், எடுத்த நாள் யாவற்றையும் காட்டிவிடும். எச்.இ.வி.சி. என்று கண்டால், விண்டோஸ் 10, 11 உடையவர்கள் மைக்ரோசாப்ட் ஸ்டோரிலேயே அந்தச் சேர்க்கையை வாங்கலாம். விலை சிறு தொகைதான்; அமெரிக்காவில் ஒரு டாலருக்கும் குறைவாக வைத்தார்கள். சில கணிப்பொறிகளில் தயாரிப்பாளரே அதைப் போட்டுக் கொடுத்திருப்பார். ஏ.வி.1-க்கும் எம்.பெக். 2-க்கும் உள்ள சேர்க்கைகளுக்குக் காசு இல்லை. இந்தச் சேர்க்கையை நிறுவிவிட்டால் விண்டோஸ் 11-இன் புதிய மீடியா பிளேயரும் அந்தப் படத்தை ஓட்டும்.

மற்றொரு வழி, எல்லாக் கோடெக்குகளையும் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருக்கும் பிளேயரை நிறுவிக்கொள்வது. வி.எல்.சி. அத்தகையது. வீட்டுக் கணிப்பொறி வைத்திருப்போருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். இதன் வரலாறும் சுவையானது. 1996-இல் பாரிஸ் நகரை அடுத்த எக்கோல் சென்ட்ரல் என்ற பொறியியற் கல்லூரியில், வளாக வலைப்பின்னல் வழியாக வீடியோவை விடுதி அறைகளுக்கு அனுப்பிப் பார்க்க மாணவர்கள் தொடங்கிய முயற்சி அது. 2001-இல் கல்லூரியின் இசைவுடன், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். அன்றுமுதல் பல நாட்டினர் கூடி அதை வளர்த்து வருகின்றனர். அதனுள்ளே கோடெக் வேலையைப் பெரும்பாலும் செய்வது, 2000-ஆம் ஆண்டில் பாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் திட்டத்தின் தொகுதி. ஊர் கூடித் தூர்வாரிய ஏரியைப் போல் அனைவருக்கும் பொதுவானவை இவை. இதைத் தருவதற்குக் காசு கேட்பவர் எவராயினும் அவர் அதன் உரிமையாளர் அல்லர் என்று அறிக.

வி.எல்.சி. வெளியே இருக்கும் கோடெக்குகளைத் தேடுவதில்லை; தன்னிடம் உள்ளதைக் கொண்டே ஓட்டுகிறது. ஆகவே கணிப்பொறியின் மற்றப் பகுதிகளைக் கலைப்பதும் இல்லை. கே-லைட் போன்ற கோடெக் மூட்டைகளோ விண்டோஸுக்குள்ளேயே கோடெக்குகளைப் பதித்து வைப்பவை. ஒரே வேலைக்கு நான்கைந்து பேரைப் பதித்தால் யார் வருவது என்ற போட்டி எழும். விண்டோஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகுதி எண் உண்டு. எண் உயர்ந்தது முன்னே வரும். இரண்டு மூன்று மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவியவர்களின் பொறிகளில், நேற்றுவரை ஓடிய படமும் இன்று ஓடாமற் போனதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். விண்டோஸ் மீடியா பிளேயரில்தான் பார்ப்பேன் என்று உறுதியாக இருப்பவர் ஒரே ஒரு மூட்டையை, அதை ஆக்கியோரின் தளத்திலிருந்தே எடுத்து நிறுவலாம். மூட்டைமேல் மூட்டை கூடாது.

எங்கிருந்து எடுப்பது என்பதில் உயிர்நிலை இருக்கிறது. "கோடெக் இல்லை, இங்கே அழுத்துக" என்ற அறிவிப்பு மிகப் பழைய தூண்டில். 2005-ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஸ்லாப் என்ற தீநிரல் வீடியோக் கோடெக் வேடத்தில் திரிந்தது. அதற்குப் பின்வந்த டி.என்.எஸ். சேஞ்சரின் கதை இன்னும் பெரிது. படம் பார்க்கத் தேவையான கோடெக் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்து, கணிப்பொறி இணைய முகவரிகளைக் கேட்டறியும் இடத்தையே மாற்றிவிடும். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அவர்கள் விரும்பும் தளத்துக்குக் கொண்டு போகும். வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைப்பதற்குச் சமம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் கணிப்பொறிகள் இதில் சிக்கியிருந்ததாக 2011 நவம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை அறிவித்தது. எஸ்தோனிய நாட்டினர் அறுவர் மேல் வழக்குத் தொடரப்பட்டது. ஏமாந்தவர்களின் இணையம் ஒரே நாளில் அறுந்துவிடாதிருக்க, நீதிமன்ற ஆணையின் பேரில் 2012 ஜூலை வரை மாற்றுச் சேவையகங்களை நடத்தவேண்டியிருந்தது. இன்று வங்கிக் கணக்கும், பட்டா விவரமும், பயிர்க் காப்பீடும் இதே கணிப்பொறி வழியாகப் பார்க்கும் வீடுகளில் இதன் அபாயம் பெரிது. ஓடாத படத்தைக் காட்டும் பக்கமே அதை ஓட்டும் மருந்தையும் கொடுக்க முன்வந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருங்கள்.

வி.எல்.சி.யை அதன் சொந்தத் தளமான வீடியோலேன் தளத்திலிருந்தே எடுக்கவேண்டும். 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் பல இணைய இணைப்புகளில் அத்தளம் திறக்கவில்லை, தடுக்கப்பட்டிருந்தது. வீடியோலேன் அமைப்பார் சட்ட அறிவிப்பு அனுப்பிய பின், அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. உண்மையான கடை பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் வேறு தளங்களிலிருந்து எடுத்து நிறுவியவர் இருந்தால், அதை நீக்கிவிட்டுச் சொந்தத் தளத்திலிருந்து மீண்டும் நிறுவிக்கொள்வது நன்று. விண்டோஸ் 7 உள்ள பழைய பொறிகளிலும் வி.எல்.சி.யின் மூன்றாம் பதிப்பு ஓடும். ஆனால் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாப்டின் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அத்தகைய பொறியில் படம் பார்க்கலாம். வங்கிக் கணக்கைப் பார்க்காதிருத்தல் நலம்.

வீட்டுக் கணிப்பொறியைப் பற்றியே இவ்வளவும் சொன்னோம். ஊராட்சி அலுவலகத்துக் கணிப்பொறி தனி உடைமை அன்று. அதில் எதை நிறுவுவதானாலும் உரிய அலுவலரைக் கேட்டுச் செய்யவேண்டும்.

கோடெக் இருந்தும் படம் தத்தித் தத்தி ஓடுவதுண்டு. எச்.இ.வி.சி.யை விரிப்பது கடும் உழைப்பு. சுமார் 2015-க்கு முற்பட்ட கணிப்பொறிகளின் செயலிகளில் இதற்கென்று தனி உறுப்பு பெரும்பாலும் இல்லை. நோஞ்சான் மாட்டை இருபோக நஞ்சையில் பூட்டினால் எவ்வாறு உழும்? அப்பொழுது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு படத்தை எச்.264-ஆக மாற்றி வைத்துக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும்; இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். ஆனால் மாற்றுவதென்பது நெல்லை மறுபடி புடைப்பது போன்றது. ஒவ்வொரு முறையும் சிறிது நொய் போகத்தான் செய்யும், தெளிவு குறையும். எடுத்த நாளும் நேரமும் மூலக் கோப்பினுள்ளே பதிவாகியிருக்கும். மாற்றிய படியில் அது மாறிப்போகலாம். வாய்க்கால், வரப்பு, மரம் வெட்டு முதலியவற்றில் சாட்சியாக நிற்கவேண்டிய படமாயின் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கலாகாது. இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். முன்பின் அறியாத இணையத் தளத்தில் ஏற்றி மாற்றித் தரச் சொல்வது, வீட்டுப் பத்திரத்தைச் சந்தையில் யாரோ ஒருவரிடம் கொடுத்து நகலெடுத்து வரச் சொல்வதற்கு ஒப்பாகும்.

எந்தக் கோடெக்காலும் ஓட்ட முடியாத படமும் ஒன்று உண்டு. படம் எடுத்துக்கொண்டிருக்கையில் மின்கலம் தீர்ந்து கைபேசி அணைந்துவிட்டால், எம்.பி.4 கோப்பின் அட்டவணை எழுதப்படாமல் நின்றுவிடலாம். எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வது அந்த அட்டவணையே; கைபேசிகள் பெரும்பாலும் அதைக் கடைசியில்தான் எழுதுகின்றன. அது இல்லாத கோப்புக்கு மருந்து கோடெக் அன்று. மீட்டெடுக்கத் தெரிந்தவரிடம்தான் கொண்டுபோகவேண்டும். பென் டிரைவுக்குப் படி எடுக்கும்போது முடிவதற்குள் பிடுங்கினாலும் இதே கேடுதான். நம் பிள்ளைகள் இதில் மிகவும் அவசரக்காரர்கள்.

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வருமுன் காப்பதும் இங்கே இயலும். ஐபோன் வைத்திருப்போர் அமைப்புகளில் கேமரா என்ற பகுதிக்குச் சென்று, பார்மட்ஸ் என்பதில் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்துவிட்டால், அதன் பிறகு வழக்கமான படங்கள் எச்.264-இலேயே எடுக்கப்படும். ஆண்டிராய்டு கைபேசிகள் சிலவற்றிலும் ஹை எபிஷியன்சி வீடியோ என்ற விசை உண்டு, அதை அணைத்துவிடலாம். இடம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது மெய்யே. ஐபோனில் ஒரு நிமிடத்துக்கு 60 மெகாபைட் என்பது 130 ஆகிவிடும். கலியாணத்தைச் சுருக்கியே எடுங்கள். மதகை எடுக்கும்போது மட்டும் இடத்தைப் பாராதீர்கள்.

மதகு என்றதும் அந்த ஊர்க் கதையை முடிக்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. நாங்கள் அங்கே போனபோது அந்த இளைஞர் பென் டிரைவைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். மீடியாஇன்ஃபோவில் பார்த்தோம், எச்.இ.வி.சி. என்று காட்டியது. முதலில் இரண்டு படிகள் எடுத்தோம். பிறகு வி.எல்.சி.யில் திறந்தோம். நவம்பர் 1-ஆம் நாள் கூடிய அடுத்த கிராம சபையில் அனைவரும் பார்த்தனர். மதகின் பலகை பாதி இறங்கியிருந்தது. அதன்மேல் ஆகாயத்தாமரை மெத்தைபோல் அடைத்துக்கொண்டிருந்தது. பலகையை இறக்கியவர் யார் என்ற வழக்கு அன்றும் தீரவில்லை. ஆனால் "படமே இல்லை" என்ற பேச்சு நின்றது. கொடியை வாரி எடுக்க மறுநாளே இரு மடையிலிருந்தும் ஆட்கள் போனார்கள்.

நேரம் ஆகிவிட்டது. ஓடாத படங்கள் இருந்தால் கொண்டு வருமாறு நேற்றே சொல்லியிருந்தோம். பென் டிரைவுகளின்மேல் உங்கள் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டி, முன்மேசையில் வைத்துவிடுங்கள். தேநீருக்குப்பின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். அதுவரை எவரும் எதையும் அழிக்கவேண்டாம்.